கன்னத்தின் எடை

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வது ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலே 1917-ல் வரைந்த படம். அசல் ப்ராக் நகரத்துத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது, எங்களிடம் இருப்பது சட்டம் போட்ட அச்சுப் பிரதி. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, ஒரு காலைக் குத்திட்டு, அந்த முழங்கால்மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறாள். செம்பட்டை முடி, பச்சை மேல்சட்டை, வெள்ளை உள்ளாடை, கறுப்புக் காலுறை. பின்னால் சுவர் இல்லை, கீழே தரை என்று ஒரு கோடுகூட இல்லை. வெறும் காகிதம்தான். ஷீலேயின் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட இதை எங்காவது பார்த்திருப்பார்கள், காப்பிக் கோப்பையிலும் நோட்டு அட்டையிலும்கூட வருகிற அளவுக்குப் பிரபலமான படம்.

"ஏன் இவ்வளவு சோகமா இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. "யாருக்காகவோ காத்திருக்கா போல" என்பது அதற்கு அவர்களே சொல்லிக்கொள்ளும் பதில். அண்ணி இன்னும் ஒரு படி மேலே போய், "விளக்கு வைக்கிற நேரத்துல இந்த முகத்தைப் பார்த்தா மனசே சரியில்ல, பூஜை அறைக்கு நேரா இல்லாம வேற சுவத்துல மாட்டேன்" என்றார். அவர் சொன்னதற்காக மாற்றி மாட்டினேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எனக்கு அவள் சோகமாகத் தெரியவே இல்லை. சோர்வாகத் தெரிகிறாள், கொஞ்சம் எரிச்சலாகக்கூடத் தெரிகிறாள், எப்படிப் பார்த்தாலும் தன் கதையை நம்மிடம் சொல்லி அழப்போகிறவள் மாதிரித் தெரியவில்லை. ஏன் அப்படித் தெரிகிறது என்று கேட்டால் சொல்ல எனக்குத்தான் வார்த்தை வரவில்லை. அதைத் தேடித்தான் இவ்வளவும்.

படம் என்றால் கதை

நம்மில் பலர் கோட்டோவியத்தை முதலில் பார்த்தது கதைப் பக்கத்தில்தான். வாரப் பத்திரிகையில் தொடர்கதைக்கு நடுவே பாதிப் பக்கத்துக்கு ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டோ தூணில் சாய்ந்துகொண்டோ நிற்பாள். கோபுலு, மாருதி, ஜெயராஜ் என்று கையெழுத்தைப் பார்க்காமலே கோட்டை வைத்து ஆளைச் சொல்கிற வீடுகள் எத்தனையோ இருந்தன, எங்கள் வீடும் அதில் ஒன்று. அந்தப் படங்களை நாம் தனியாகப் பார்த்ததே இல்லை. இவள் ஏன் இப்படி நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு, விடை கதையில் இருக்கும் என்று படிக்கப் போய்விடுவோம். பிறகு ஆதிமூலமும் மருதுவும் கதைக்கு அடங்காத கோடுகளைப் பத்திரிகைக்குள் கொண்டுவந்தபோது என் அப்பா பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அவர் நல்ல வாசகர். படம் என்றால் அதற்கு ஒரு கதை சொந்தமாக இருந்தே தீர வேண்டும் என்று அவர் கண் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

அதற்கும் பின்னால் போனால் சங்கப் பாட்டு உட்கார்ந்திருக்கிறது. தனியாக ஒரு பெண் இருந்தால் அவள் தலைவி, பொருள் தேடிப் போனவன் இன்னும் வரவில்லை, வளை கழன்றுவிட்டது, கார்காலம் தொடங்கிவிட்டது. ஒரு பெண் யாருக்காகவும் காத்திராமல், எதையும் இழந்துவிடாமல், சும்மா உட்கார்ந்திருப்பதை ஏற்றுக்கொள்ள நம் மனதில் அவ்வளவாக இடமில்லை. கன்னத்தில் கை வைத்தால் போதும், "என்ன, கப்பல் கவிழ்ந்துபோச்சா?" என்று கேட்டுவிடுவார்கள்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான், வழி மட்டும் வேறு. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1514-ல் செய்த 'மெலன்கோலியா' என்ற செப்புத்தகட்டு அச்சில் சிறகு முளைத்த ஒரு உருவம் கன்னத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும், காலடியில் அளவுகோலும் ரம்பமும் சிதறிக் கிடக்கும். சாய்ந்த தலை என்றால் மனச்சுமை என்பது அங்கே அதற்கும் முன்பிருந்தே வருகிற வழக்கம். வியன்னாவில் படித்து, பழைய ஓவியர்களைப் பார்த்து வளர்ந்த ஷீலேவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அதனால் வீட்டுக்கு வருகிறவர்கள் சோகம் என்று சொல்வது ஆதாரமே இல்லாத பேச்சு என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பழைய சாயல் படத்துக்குள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று. ட்யூரரின் உருவம் நம்மைப் பார்ப்பதில்லை. அதன் கண் எங்கோ தூரத்தில் இருக்கிறது. நம்மைப் பொருட்படுத்தாமல் தனக்குள் மூழ்கியிருப்பதால்தான் அது துயரத்தின் உருவம். ஷீலேயின் பெண் தன் எதிரே யார் இருக்கிறார்கள் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு பார்க்கிறாள். தனக்குள் மூழ்கியிருப்பவர்களுக்கு அந்தப் பார்வை வராது.

உட்கார்ந்து பார்த்தபோது

போன கோடையில் தங்கை ஊரிலிருந்து வந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இதே பேச்சு வந்தது, அவளும் சோகக் கட்சிதான். பேசிப் பயனில்லை என்று தோன்றி, படத்துக்கு நேர் எதிரே தரையில் நான் அப்படியே உட்கார்ந்தேன். ஒரு காலை மடக்கி, இன்னொன்றைக் குத்திட்டு, முழங்கால்மேல் கன்னத்தை வைத்தேன். உட்கார்ந்த உடனே எனக்குத் தோன்றியது, இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த இருப்பு என்பதுதான். அம்மாவும் சித்தியும் அடுப்பங்கரை வேலை முடிந்து, பாத்திரம் கழுவுவதற்கு முன்னால், இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் இப்படித்தான் உட்காருவார்கள். ஒரு முழங்கால் மேலே, அதன்மேல் தாடையோ கன்னமோ. திண்ணையில் பேச்சுக் கேட்கிற பாட்டிகள் உட்காருவதும் இப்படித்தான். நமக்கு இது ஓய்வு. 1917 வியன்னாவில் நடுத்தர வர்க்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஓர் ஆண் எதிரே, அதுவும் உள்ளாடையோடு, தரையில் காலைத் தூக்கி வைத்து உட்காருவது என்பது வேறு விஷயம். அங்கே அது படுக்கையறைக்குள் மட்டும் இருக்கக்கூடிய நெருக்கம், அல்லது காசுக்கு நிற்கும் மாடலின் நிலை. அந்த ஊர்க்காரர் கண்ணுக்கு முதலில் பட்டிருக்கக்கூடிய அத்துமீறல் நம் கண்ணுக்குப் படாது. நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற ஓய்வு அவர் கண்ணுக்குப் பட்டிருக்காது.

ஆனால் அந்த ஓய்வு கொஞ்ச நேரத்துக்குத்தான். முழங்காலில் கன்னத்தை வைத்தபடி எதிரே இருப்பவரை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பி அங்கேயே நிறுத்த வேண்டும். அம்மா அப்படி உட்காரும்போது அவர் கண் தரையிலோ வாசலிலோ இருக்கும், யாரையும் உற்றுப் பார்க்காது. பார்வையை நிறுத்தியதும் ஓய்வு வேலையாக மாறிவிடுகிறது. கழுத்தின் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தது. கீழே மடங்கிய காலில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து, பிறகு அந்தக் கால் என்னுடையது இல்லை என்கிற அளவுக்கு மரத்துப்போனது. அசையாதே, அசையாதே என்று தங்கை சொல்லிக்கொண்டே என்னை ஃபோனில் படம் எடுத்தாள்.

அந்த ஃபோட்டோவைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதில் நான் அத்தனை சோகமாக இருந்தேன். தங்கையே, "அக்கா, என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டுவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அடுப்பில் பருப்பு வெந்திருக்குமா என்றும், இந்தக் காலை எப்போது நீட்டலாம் என்றும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் எலும்பு கன்னத்தை அழுத்தும்போது அந்தப் பக்கத்துச் சதை மேலே ஏறி ஒரு கண்ணைச் சற்றே சுருக்குகிறது. இன்னொரு பக்கத்தில் உதட்டின் ஓரம் தன் எடையிலேயே தொங்குகிறது. தலை சாய்ந்திருப்பதால் புருவத்தின் மட்டம் கோணுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு முகபாவம் ஆகிவிடுகிறது, அந்த முகத்துக்குச் சொந்தக்காரிக்குத் தெரியாமலே. அப்படியானால் நாம் சோகம் என்று சொல்கிறோமே, அதில் மனதின் பங்கு எவ்வளவு, கன்னத்தின் எடையின் பங்கு எவ்வளவு?

இதைக் கேட்டுக்கொண்ட பிறகு நான் முகத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் பார்த்தது தரை. அது இல்லை, ஆனாலும் அவள் மிதக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் துணி கசங்கி விரிகிற விதம், கறுப்புக் காலுறைக்குள் காலின் சதை ஓர் இடத்தில் இறுகி ஓர் இடத்தில் தளர்கிற விதம், இவை போதும், அவளுக்குக் கீழே ஒரு தளம் இருப்பது நம் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. ஷீலே தன் படங்களில் நாற்காலி, கட்டில், தரை எல்லாவற்றையும் விட்டுவிடுவது வழக்கம். சில சமயம் படுத்திருக்கும் பெண்ணை வரைந்துவிட்டு, காகிதத்தை நிமிர்த்திப் பிடித்து அந்த நிலைக்குத் தகுந்தாற்போலக் கையெழுத்துப் போட்டுவிடுவார். கையெழுத்து எந்தப் பக்கம் நேராக இருக்கிறதோ அதுதான் படத்தின் மேல்கீழ் என்பதால், படுத்திருந்தவள் அந்தரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அவர் பெயரும் ஆண்டும் சின்னக் கட்டத்துக்குள் முத்திரை போல இருப்பது வெறும் அலங்காரம் இல்லை, இந்தப் பக்கமாகப் பார் என்கிற உத்தரவும்தான். எங்கள் வீட்டுப் பெண் அப்படித் திருப்பப்பட்டவள் இல்லை. அவளுடைய எடை சரியாகக் கீழ்நோக்கித்தான் இறங்குகிறது.

கோடு வேறு, நிறம் வேறு

ஷீலே எப்படி வரைவார் என்பதை அருகிலிருந்து பார்த்தவர் ஹைன்ரிஷ் பெனெஷ். ரயில்வே அதிகாரி, பெரிய வருமானம் ஒன்றும் கிடையாது, இருந்தும் இளம் ஷீலேயின் படங்களைச் சேர்த்தவர். அவருடைய மகன் ஓட்டோ பெனெஷ்தான் பின்னாளில் வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்துக்கு இயக்குநர் ஆனார். ஷீலே 1913-ல் அப்பாவையும் மகனையும் சேர்த்து ஒரு பெரிய ஓவியமே வரைந்திருக்கிறார். ஹைன்ரிஷ் எழுதிவைத்த குறிப்பின்படி ஷீலேவின் கையில் ரப்பருக்கு வேலையே கிடையாது. தாழ்வான ஒரு முக்காலியில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்து வரைவார், அல்லது நின்றுகொண்டு ஒரு காலை முக்காலிமேல் தூக்கிவைத்து, அந்த முழங்காலில் பலகையைச் சாய்த்து, கையை எதிலும் ஊன்றாமல் தோளிலிருந்தே கோட்டை இழுப்பார். கோடு தப்பிப்போவது அபூர்வம், போனால் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுப்பார். ஆளை எதிரே வைத்துக்கொண்டுதான் கோடு. ஆனால் நிறம் மட்டும் ஆள் போன பிறகு, நினைவிலிருந்து.

இதை முதலில் படித்தபோது தொழில்நுட்பத் தகவல் என்று தாண்டிப் போயிருந்தேன். கால் மரத்துப்போன பிறகு மறுபடி படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அவர் வேகமாக வரைய வேண்டியிருந்ததற்குத் திறமை மட்டும் காரணமாக இருக்க முடியாது, எதிரே ஒருத்தியின் கால் மரத்துக்கொண்டிருக்கிறது. அழிக்காமல் வரைகிறவர் அவள் அசைவதற்குள் முடித்தாக வேண்டும். படத்தில் இருக்கிற ஒவ்வொரு கறுப்புக் கோடும் அவளும் அவரும் ஒரே அறையில் இருந்த நேரம். அதை இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள் என்று நான் சொல்வேன். அவர் கையால், அவள் அசையாமல் இருந்து. பச்சையும் செம்பட்டையும் அவள் எழுந்து, காலை உதறி, உடை மாற்றிக்கொண்டு போன பிறகு அவர் தனியாக இருந்த நேரம். இந்தப் படத்தில் நம்மை முதலில் இழுப்பது அந்த நிறம்தான், அந்தச் செம்பட்டை இல்லாவிட்டால் இது கோப்பையில் ஏறியிருக்காது. ஆனால் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நிறத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கோட்டைத்தான் கேட்க வேண்டும்.

1910, 1911-ல் ஷீலேயின் கோடு முள்ளாக இருக்கும். எலும்பு மூட்டுகளில் முறிந்து முறிந்து போகும், உடம்பு காய்ந்த சுள்ளி மாதிரி இருக்கும். 1917-க்குள் அது உருண்டு, நீண்டு, நிதானமாகிவிட்டது. வாழ்க்கை கொஞ்சம் நிலைப்பட்டதால் என்று சொல்பவர்கள் உண்டு. 1915-ல் கல்யாணம், உடனே பட்டாளத்தில் ஆள் சேர்ப்பு, 1917 தொடக்கத்தில் வியன்னாவுக்கே மாற்றல், அங்கே ராணுவப் பண்டகசாலை ஒன்றில் வரைய நேரம் கிடைக்கிற மாதிரி ஒரு வேலை. வெளியே போர், நகரத்தில் சாப்பாட்டுக்கும் நிலக்கரிக்கும் பஞ்சம். அந்தப் பஞ்சம் எதுவும் இந்தத் தாளில் ஏறவில்லை. ஏறியிருப்பது, நிதானமான ஒரு கோடு ஒரு முழங்காலைச் சுற்றி வந்த வேகம் மட்டுமே.

எடித்தா, அடேலேயா

சரி, அவள் யார்? பல புத்தகங்கள் எடித் என்கின்றன, ஷீலேயின் மனைவி. சில அடேலே என்கின்றன, எடித்தின் அக்கா. ஹார்ம்ஸ் குடும்பத்து இந்த இரண்டு சகோதரிகளும் ஷீலேயின் ஸ்டுடியோ இருந்த ஹீட்ஸிங் தெருவில் எதிர் வீட்டுக்காரர்கள். அவர் இருவரோடும் பழகினார், அதுவரை நான்கு வருடம் தன்னோடு இருந்த வாலி நொய்ட்சிலை விட்டுவிட்டு எடித்தைக் கட்டிக்கொண்டார். அடேலேயும் அவருக்கு மாடலாக உட்கார்ந்திருக்கிறார். முடியின் நிறத்தை வைத்து இவள் அவளாக இருக்க முடியாது என்று வாதாடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, ஆள் போன பிறகு தீட்டிய நிறத்தை எப்படிச் சாட்சியாக நிறுத்துவது?

ஆனால் எந்தப் பெயரை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துப் படம் மாறிவிடுகிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எடித் என்று எழுதினால் உடனே 1918 வந்து படத்தின்மேல் கவிந்துகொள்கிறது. அந்த வருடம் அக்டோபர் 28-ல், ஆறு மாதக் கர்ப்பிணியாக, ஸ்பானிஷ் ஃப்ளூவில் எடித் இறந்துபோனார். மூன்று நாள் கழித்து, 31-ல், ஷீலேயும் போய்விட்டார். வயது 28. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் யாருக்குத்தான் சோகமாக இருக்காது? கலைப்புத்தகங்கள்கூட இந்தப் பெண்ணின் கண்ணில் வரப்போகிற சாவின் நிழல் தெரிகிறது என்கிற ரீதியில் எழுதுகின்றன. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. 1917-ல் உட்கார்ந்திருந்தவளுக்கு 1918 தெரியாது. அடேலே என்று எழுதிப் பாருங்கள். அடேலே 1968 வரை இருந்தார். 1963-ல் அலெசாண்ட்ரா கொமினி என்ற அமெரிக்கக் கலை வரலாற்று ஆய்வாளர் வியன்னாவுக்குப் போய் அவரைச் சந்தித்துப் பேசியிருக்கிறார். அதே கோடு, அதே கன்னம், அதே பார்வை, பெயரை மட்டும் மாற்றினால் நிழல் விலகி, இன்னும் ஐம்பது வருடம் வாழப்போகிற, இப்போதைக்குக் கழுத்து வலிக்கிற ஒருத்தி தெரிகிறாள். தாளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்போ அவ என்னதான் நினைச்சுட்டிருந்தா?" அது நமக்குக் கிடைக்காது என்றேன். நமக்குக் கிடைப்பது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதுதான். உட்கார்ந்திருந்தாள், உடம்பை அசையாமல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள், தன்னை வரைகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் தலையைக் குனிந்து தாளைப் பார்க்கும் நேரத்திலெல்லாம் அவள்தான் அவரைப் பார்த்தாள். அவருடைய நெற்றி, விரல், முக்காலி எல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். அந்தப் பார்வையில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. அதைத்தான் நான் எரிச்சல் என்றும் சோர்வு என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படிப் பார்க்கப் பழகியதால் எனக்கு ஒரு சங்கடமும் சேர்ந்தே வந்திருக்கிறது. ஷீலே 1910 வாக்கில் வரைந்த படங்களில் வருகிறவர்களில் பலர் சிறுமிகள், வியன்னாவின் ஏழைத் தெருக்களிலிருந்து ஸ்டுடியோவுக்கு வந்த பிள்ளைகள். 1912-ல் வியன்னாவுக்கு அருகே நொய்லெங்பாக் என்ற ஊரில் அவர் 24 நாள் சிறையில் இருந்ததும், சிறுவர் கண்ணில் படும்படி ஆபாசப் படங்களை வைத்திருந்தார் என்று தண்டித்த நீதிபதி ஒரு படத்தை மெழுகுவத்தியில் காட்டி எரித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதையை நாம் கலைஞனின் சுதந்திரம் என்ற ஒரே பக்கத்திலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உட்கார்ந்திருப்பது ஒரு வேலை, கால் மரத்துப்போகும், எழுந்திருக்க எதிரே இருப்பவர் அனுமதிக்க வேண்டும் என்று ஒருமுறை உடம்புக்குத் தெரிந்துவிட்டால் அந்தச் சிறுமிகளின் படங்களை முள்கோட்டின் அழகுக்காக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. 1917-ன் பெண்ணுக்குத் திருப்பிப் பார்க்கிற தைரியம் இருந்தது, எழுந்து போகிற வயதும் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் கண்ணை மூடியிருக்கிறார்கள், அல்லது முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அவர்களுடைய கோட்டை எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. அந்தப் படங்கள் இருக்கும் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், யார் இந்தப் பிள்ளை, அன்றைக்குச் சாப்பிட்டாளா, எவ்வளவு நேரம் இப்படி இருக்கச் சொன்னார் என்று கேட்கிறேன். கோட்டின் அழகைப் பற்றிப் பேச அதற்குப் பிறகுதான் வாய் வருகிறது, பல நாள் அதுவும் வருவதில்லை.